கட்டுரையை யார் வாசிக்கிறார்கள்? கடிதம் முதல் கணினி வரை ஒரு சிறு வரலாறு

போன செமஸ்டரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஒப்படை செய்ய வேண்டியிருந்தது. தந்த தலைப்பைக் கணினியில் தட்டியதும் எங்களுக்கு வேண்டிய கட்டுரையே முதல் வரியில் வந்து நின்றது. தலைப்பும் சுருக்கமும் இலவசம். மிச்சத்தை வாசிக்க நாற்பது டொலர். ஒரு மாத மகாபொலக் காசை முழுசாகப் போட்டாலும் அந்த ஒரு கட்டுரையைத் திறக்க ஏலாது. "விடு மச்சான், சுருக்கத்தை வச்சே எழுதுவம்" என்று ஒருத்தன் சொன்னான். அப்படித்தான் எழுதினோம் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறோம்.

அதே கிழமை இன்னொன்றும் நடந்தது. அதே விடயம் பற்றித் தமிழில் ஒரு பழைய சஞ்சிகைக் கட்டுரை இருக்கிறது என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். இணையத்தில் எத்தனை விதமாகத் தேடியும் அது வரவில்லை. கடைசியில் நூலகம் தளத்தில் அந்தச் சஞ்சிகையின் இதழ்களை ஸ்கான் செய்து வைத்திருப்பதைக் கண்டோம். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் பக்கங்கள் எல்லாம் படங்கள். இதழ் இதழாகத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, இரண்டு இரவுகளுக்குப் பிறகுதான் கட்டுரை கையில் கிடைத்தது.

ஒரு கட்டுரை இயந்திரத்துக்கு நன்றாகத் தெரியும், ஆனால் எங்களுக்குப் பூட்டு. மற்றக் கட்டுரை எங்களுக்குத் திறந்திருக்கிறது, ஆனால் இயந்திரத்துக்கு அது வெறும் படம். ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்வியோடு தேடப் போய், முன்னூற்றைம்பது வருடம் பின்னால் போய்விட்டோம். வாசித்ததில் சிலதை உங்களோடு பகிர்கிறோம்.

கடிதமும் புதிரும்

ஆய்வுச் சஞ்சிகை என்ற ஒன்று வருவதற்கு முன்னர் ஐரோப்பிய அறிஞர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைக் கடிதத்தில்தான் சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒரு பயமும் இருந்தது. சொன்னால் மற்றவன் தனது என்று எடுத்துவிடுவான், சொல்லாவிட்டால் வேறொருவன் முந்திவிடுவான். அதனால் சிலர் கண்டுபிடிப்பை எழுத்துகள் குழம்பிய ஒரு புதிராக்கி அனுப்பினார்கள். 1610 இல் கலிலியோ சனிக் கிரகத்தில் தான் கண்டதை இப்படி ஒரு புதிராக்கி அனுப்பினார். கெப்ளர் அதை அவிழ்க்க முயன்று, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பதாகச் சொல்கிறார் என்று பிழையாக விளங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், 1877 இல் செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்த ஒளிப்பு மறைப்புக்கு ஒரு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஹென்றி ஓல்டன்பேர்க். ஜேர்மனியில் பிறந்து இலண்டனுக்கு வந்தவர், ரோயல் சொசைட்டியின் செயலாளர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்து குவியும். 1665 மார்ச் மாதம் அந்தக் கடிதங்களையும் குறிப்புகளையும் தொகுத்து 'பிலோசொபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற பெயரில் அச்சிடத் தொடங்கினார். இரண்டு மாதம் முந்தி, ஜனவரியில், பாரிஸில் இன்னொரு சஞ்சிகையும் தொடங்கியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் புத்தகச் செய்திகளும் மதிப்புரைகளும்தான்.

ஓல்டன்பேர்க் செய்த வேலை பார்க்கச் சின்னதுதான். வந்த திகதியைக் குறித்தார், படித்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டார், அச்சிட்டு எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார், பிரதிகள் நூலகங்களில் தங்கின. யார் முதலில் சொன்னது, சொன்னது நம்பத்தக்கதா, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, நாளைக்கும் இருக்குமா என்ற இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்வதுதான் இன்றைக்கும் ஒரு சஞ்சிகையின் வேலை. இதற்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. வெளிநாட்டுக் காரர்களோடு இவ்வளவு கடிதப் போக்குவரத்து ஏன் என்று சந்தேகப்பட்டு, 1667 இல் அவரை இலண்டன் கோபுரச் சிறையில் போட்டார்கள்.

அந்த 1665 இதழை இன்றைக்கு நீங்கள் கைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். ரோயல் சொசைட்டி தனது பழைய இதழ்களை 2011 இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

குவியலுக்குள் தேடுவது

அடுத்த இருநூறு வருடத்தில் சஞ்சிகைகள் பெருகின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசாங்கங்கள் ஆய்வுக்குக் காசைக் கொட்டத் தொடங்கியதும் பெருக்கம் வெள்ளமானது. 1945 இல் வனேவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் 'மெமெக்ஸ்' என்ற கற்பனை மேசை ஒன்றைப் பற்றி எழுதினார். வாசிப்பவர் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் தானே ஒரு தடம் போட்டு வைத்து, பிறகு அந்தத் தடத்திலேயே திரும்பி நடக்கலாம். மனித மனம் அகர வரிசையில் யோசிப்பதில்லை, ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குப் போகிறது என்பது அவருடைய வாதம். அந்த மேசையை யாரும் செய்யவில்லை. யோசனை மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் தடங்கள் கட்டுரைகளுக்குள்ளேயே இருக்கின்றன என்பதைப் பிடித்தவர் யூஜின் கார்பீல்ட். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் உசாத்துணைப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்தால் கட்டுரை யாரிடமிருந்து எடுத்தது என்று தெரியும். பட்டியல்களை எல்லாம் சேர்த்துத் திருப்பிப் போட்டால், ஒரு கட்டுரையைப் பிறகு யார் யார் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். அமெரிக்க வழக்கறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படி ஓர் அட்டவணையைப் பாவித்து வந்தார்கள். ஒரு பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா, பிறகு வந்த நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்களா என்று பார்க்க அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. கார்பீல்ட் அந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவரும் யோசனையை 1955 இல் எழுதினார், 1964 இல் 'சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' வெளிவந்தது.

இது ஒரு தேடற் கருவியாகத்தான் பிறந்தது. ஆனால் எண்ணக்கூடிய ஒன்று கிடைத்தால் மனிதர் அதை வைத்து மார்க்ஸ் போடாமல் விடமாட்டார்கள் தானே. எந்தச் சஞ்சிகை அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது என்ற கணக்கு 1975 முதல் வருடாவருடம் வரத் தொடங்கியது. அதன் பிறகு பதவி உயர்வு, நிதி, பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாம் அந்தக் கணக்கில் தொங்கத் தொடங்கின. கூகுளைத் தொடங்கிய இருவரும் 1998 இல் தங்கள் தேடற் பொறியை விளக்கியபோது, வலைப்பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளை மேற்கோள்களைப் போலப் பார்க்கலாம் என்ற யோசனையிலிருந்தே தொடங்கினார்கள். நாங்கள் தினமும் தேடும் பெட்டிக்குப் பின்னால் கார்பீல்டின் பட்டியலும் இருக்கிறது என்று சொல்லலாம்.

1991

இனி நாங்கள் வாசிக்கும்போது அதிகம் ரசித்த பகுதி.

பௌதிகவியல் ஆய்வாளர்கள் சஞ்சிகை வரும் வரை காத்திருப்பதில்லை. எழுதி முடித்த கட்டுரையைப் பிரதி எடுத்து, தெரிந்தவர்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அந்தக் கட்டு முதலே கிடைக்கும். சின்ன இடத்தில், தூர நாட்டில் இருப்பவருக்கு மாதங்கள் கழித்துக் கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. 1991 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் இருந்த போல் கின்ஸ்பார்க் என்பவர் ஒரு கணினியில் இதற்கு முடிவு கட்டினார். கட்டுரையை மின்னஞ்சலில் அந்தக் கணினிக்கு அனுப்பலாம். வேண்டியவர்கள் மின்னஞ்சலில் கேட்டால் அது திருப்பி அனுப்பும். பெரிய பேராசிரியருக்கும் தூர நாட்டு மாணவருக்கும் ஒரே நாளில் ஒரே கட்டுரை. அதுதான் பின்னர் 'ஆர்கைவ்' என்ற பெயர் பெற்று, 2001 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2022 தொடக்கத்தில் அங்கே இருந்த கட்டுரைகளின் எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது.

இது சாத்தியமானதற்கு இன்னொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். தனது புத்தகத்தின் அச்சுப் படிகள் அவலட்சணமாக வந்ததைப் பார்த்துச் சகிக்காமல், 1977 இல் டொனால்ட் குனூத் 'டெக்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். கணிதக் குறியீடுகளைச் சாதாரண எழுத்துகளாகத் தட்டலாம், கணினி அதை அழகாக அச்சுக்கோக்கும். சாதாரண எழுத்து என்பதால் மின்னஞ்சலிலும் போகும்.

அதே வருடம் டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வெளியே முதலாவது வலைச் சேவையகம் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட்டில் உள்ள துகள் பௌதிக ஆய்வுகூடத்தில் தொடங்கியது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம் ஒன்றில் தேடுவதற்குத்தான். அந்த வேலையில் பௌதிகவியலாளர் ஒருவரோடு சேர்ந்து முன்னுக்கு நின்றவர் ஒரு நூலகர், லுயிஸ் அடிஸ். வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்னர்ஸ் லீ 1989 இல் எழுதிய திட்டமும், சேர்ன் ஆய்வுகூடத்தில் ஆட்கள் வந்து போக அவர்களோடு தகவலும் தொலைந்து போகிறதே என்ற கவலையில் எழுதியதுதான். இன்றைக்கு நாங்கள் மீம்ஸ் பார்க்கும் வலை, ஆய்வுக் குறிப்புகளைத் தொலைக்காமல் வைக்கப் பிறந்தது.

ஆர்கைவில் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அதில் வரும் கட்டுரையைச் சஞ்சிகைகள் செய்வதுபோல நடுவர்கள் வாசித்துச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். அது குறைதான். இருந்தும், 2002 நவம்பரில் ருஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரெல்மான், நூறு வருடமாகத் தீராதிருந்த புவன்காரே ஊகத்துக்கான நிறுவலின் முதற் பகுதியை அங்கேதான் போட்டார். சஞ்சிகை எதற்கும் அனுப்பவில்லை. உலகத்துக் கணிதவியலாளர்கள் சில வருடம் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். சரியென்று முடிவானபோது கொடுத்த பத்து இலட்சம் டொலர் பரிசையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

முகவரியும் அடையாள அட்டையும்

எல்லாம் இணையத்துக்கு வந்த பிறகு வேறொரு தலையிடி. இணைப்புகள் செத்துப்போகும். இன்றைக்கு இருக்கும் பக்கம் நாளைக்கு இல்லை. வீடு மாறினாலும் மாறாத அடையாள அட்டை இலக்கம் மாதிரி, கட்டுரைக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அதுதான் 'டிஓஐ'. கட்டுரைகளின் கீழே பத்து, புள்ளி என்று தொடங்கும் நீளமான எண்ணைக் கண்டிருப்பீர்கள். 2000 ஆம் ஆண்டில் பதிப்பாளர்கள் சேர்ந்து 'கிரொஸ்ரெப்' என்ற அமைப்பை உருவாக்கி, ஒரு கட்டுரையின் பட்டியலிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு நேரே தாவ வழி செய்தார்கள்.

ஆட்களுக்கும் அதே பிரச்சினை. இதில் எங்கட ஆட்களுக்குப் பட்ட பாடு தனி. எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முன்னால் முதலெழுத்தாக நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். இங்கே இருக்கும்போது சொந்தப் பெயரை அந்தக் கட்டத்தில் போட்ட ஒருவர், வெளிநாடு போன பிறகு தகப்பன் பெயரைப் போடுவார். கலியாணம் கட்டிய பெண்களின் முதலெழுத்து மாறும். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு மாதிரி. இயந்திரத்துக்கு ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். 2012 இல் தொடங்கிய 'ஓர்கிட்' பதினாறு இலக்க எண் ஒன்றை ஒவ்வொரு ஆய்வாளருக்கும் இலவசமாகத் தருகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. ஆய்வு செய்ய யோசிக்கும் தங்கச்சி தம்பிமார் இதை இப்பவே எடுத்து வைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

பொருள் தெரிந்த இயந்திரம்

1986 இல் டொன் ஸ்வான்சன் என்பவர் ஒரு விசித்திரமான வேலை செய்தார். அவர் வைத்தியர் அல்ல. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல், தகவலியல் பக்கம் இருந்தவர். மீன் எண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கிறது என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்வதைக் கண்டார். குளிரில் விரல்கள் வெளிறிப்போகும் 'ரெயினோட்' என்ற நோய் உள்ளவர்களின் இரத்தம் தடிப்பாக இருக்கிறது என்று இன்னொரு தொகுதி சொன்னது. இரண்டும் அச்சில் இருந்தன, இரண்டும் எவரும் வாசிக்கக்கூடியவை. ஆனால் முதல் தொகுதியை எழுதியவர்கள் இரண்டாவதை வாசிக்கவில்லை, இவர்கள் அவர்களை வாசிக்கவில்லை. ஸ்வான்சன் இரண்டையும் பக்கத்தில் வைத்து, மீன் எண்ணெய் இந்த நோயாளர்களுக்கு உதவலாம் என்றார். பின்னர் செய்த மருத்துவப் பரிசோதனை ஒன்று அந்த ஊகத்துக்குச் சாதகமாக வந்தது. ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையில் 1988 இல் இதேபோல இன்னொரு தொடுப்பைக் காட்டினார்.

யோசித்துப் பாருங்கோ. ஒரு விடையின் பாதி ஒரு றாக்கையிலும் மறுபாதி இன்னொரு றாக்கையிலும் தூசி பிடித்துக் கிடக்கிறது. இரண்டையும் வாசிக்க மனிதருக்கு ஆயுள் போதாது. இயந்திரம் வாசித்தால்? ஆனால் இயந்திரத்துக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது.

இதற்கான ஒரு வழியைத்தான் 2001 இல் டிம் பேர்னர்ஸ் லீயும் இன்னும் இருவரும் 'சொற்பொருள் வலை' என்று எழுதினார்கள். விளங்கப்படுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. அறிவை மூன்று துண்டுகள் கொண்ட சின்ன வசனங்களாக எழுதுவது. 'ஆறுமுக நாவலர் – பிறந்த இடம் – நல்லூர்' என்பது ஒரு வசனம். 'நல்லூர் – இருக்கும் மாவட்டம் – யாழ்ப்பாணம்' என்பது இன்னொன்று. இரண்டையும் கொடுத்தால், நாவலர் யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்தவர் என்பதை யாரும் எழுதாமலே இயந்திரம் கண்டுபிடிக்கும். ஆனால் தமிழ்நாட்டிலும் நல்லூர் என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றனவே? அதனால் ஒவ்வொரு நல்லூருக்கும் தனித்தனி எண் கொடுக்கவேண்டும். ஆட்களுக்கு, ஊர்களுக்கு, நூல்களுக்கு, நோய்களுக்கு எல்லாம் இப்படி எண். 2012 இல் தொடங்கிய விக்கித்தரவு இதைத்தான் செய்கிறது, எவரும் அதில் எழுதலாம்.

இதை உயிரியல்காரர்கள் முதலே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஈ, எலி, மதுவம் என்று ஒவ்வொன்றை ஆய்ந்தவர்கள் ஒரே விடயத்துக்கு வெவ்வேறு சொற்களைப் பாவித்ததால், 1998 இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு சொற்பட்டியலை உருவாக்க ஒன்றுசேர்ந்தார்கள். 'ஜீன் ஒன்டொலொஜி' என்று அதற்குப் பெயர்.

பொருள் தெரியாத மென்பொருள் என்ன செய்யும் என்பதற்கும் உயிரியலிலேயே ஓர் உதாரணம். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 2' என்று இருந்தன. எக்செலில் தட்டினால் அது திகதி என்று நினைத்து மாற்றிவிடும். 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாகக் காட்டியது. கடைசியில், 2020 இல், மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளுக்காக மனிதர்கள் இறங்கிவந்த கதை!

மேற்கோளுக்கும் பொருள் கொடுக்கலாம். கார்பீல்டின் கணக்கு எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று மட்டும் சொல்லும், ஏன் குறிப்பிட்டார்கள் என்று சொல்லாது. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தைக் கிளப்பிவிட்ட 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை 2010 இல் சஞ்சிகையே திரும்பப் பெற்றது. அதைப் பிழை என்று காட்டுவதற்காகக் குறிப்பிட்டவர்கள் ஏராளம். வெறும் எண்ணிக்கையில் அதுவும் ஒரு 'செல்வாக்கான' கட்டுரைதான். ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் ஷொட்டன் 2010 இல் இதற்கென்று ஒரு சொற்தொகுதியை வெளியிட்டார். இந்தக் கட்டுரை அதனோடு உடன்படுகிறது, மறுக்கிறது, அதன் முறையைப் பாவிக்கிறது என்று இயந்திரத்துக்கு விளங்கும்படி குறிக்கலாம். பழைய வழக்கறிஞர்களின் கேள்விக்கு, அதாவது 'இது இன்னும் செல்லுமா?' என்பதற்கு, சுற்றிவளைத்துத் திரும்பி வந்திருக்கிறோம்.

பூட்டும் திறப்பும்

இவ்வளவு வசதி வந்த பிறகும் ஏன் நாற்பது டொலர்?

போருக்குப் பிந்திய பெருக்கத்தில் வியாபாரிகள் ஒரு விடயத்தைக் கண்டுகொண்டார்கள். எழுதுபவர் காசு கேட்கமாட்டார், சரிபார்ப்பவர் காசு கேட்கமாட்டார், நூலகம் வாங்காமல் இருக்காது. றொபேர்ட் மக்ஸ்வெல் தனது பெர்கமன் பதிப்பகத்தைக் கட்டியெழுப்பியது இந்தக் கணக்கில்தான். 1991 இல் அதை எல்செவியருக்கு விற்றார். அதே 1991! ஒரு பக்கம் கின்ஸ்பார்க்கின் இலவசக் கணினி, மறுபக்கம் இந்த விற்பனை.

2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை எவரும் வாசிக்க, பகிர, கணினியால் அலச விடவேண்டும் என்று அது கேட்டது. கணினியால் அலசுவதையும் அன்றைக்கே சேர்த்து எழுதியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 2011 இல் ஆரன் சுவாட்ஸ் என்ற இளைஞர், பெருந்தொகையான கட்டுரைகளை ஜேஸ்டோர் தரவுத்தளத்திலிருந்து இறக்கியதற்காகக் கைதானார். வழக்கு முடியுமுன்னரே, 2013 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார். அதே 2011 இல்தான் கசக்ஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 'சை-ஹப்' தளத்தைத் தொடங்கினார். அது சட்டப்படி சரியில்லை, வழக்குகளில் தோற்றிருக்கிறது. அது ஏன் இவ்வளவு பிரபலமானது என்று நூலகத்தில் காசில்லாத எந்த நாட்டு மாணவரைக் கேட்டாலும் சொல்வார்.

மேற்கோள் பட்டியல்களும் பூட்டித்தான் இருந்தன. கிரொஸ்ரெப்பில் உசாத்துணை இருந்த கட்டுரைகளில் நூற்றுக்கு ஒன்றினுடைய பட்டியல்தான் வெளியே தெரிந்தது. 2017 இல் ஓர் இயக்கம் பதிப்பாளர்களைக் கேட்டுக் கேட்டு, சில மாதங்களில் அதை நாற்பது வீதத்துக்கு மேல் கொண்டுவந்தது. கெட்டித்தனமாகக் கேட்டால் சில பூட்டுகள் திறக்கும் போல.

கதை விடும் இயந்திரம்

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் கோடிக்கணக்கான அறிவியல் எழுத்துகளைக் கொடுத்துப் பழக்கிய 'கலக்டிக்கா' என்ற மாதிரியை வெளியிட்டது. அது இல்லாத கட்டுரைகளை இருப்பதாகச் சொல்லத் தொடங்கியதால் மூன்று நாளில் மூடிவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் வந்த சட்ஜிபிடி மூடப்படவில்லை. 2023 இல் நியூயோர்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்துத் தண்டம் கட்டினார்கள்.

எங்கட வகுப்பிலும் நடந்தது. ஒருவருடைய ஒப்படையின் உசாத்துணையில் அழகான தலைப்புகள், சரியான வடிவம், டிஓஐ எண்களும் இருந்தன. எண்களைத் தட்டிப் பார்த்தால் ஒன்று எங்கோ போனது, மற்றது எங்கேயும் போகவில்லை. இதில் ஒரு பாடம் இருக்கிறது. வசனத்தைச் சோடிக்கும் இயந்திரமும், எண்ணால் கட்டிய தொடுப்புகளும் இரண்டு வேறு விடயங்கள். முதலாவது சொன்னதைச் சரிபார்க்க இரண்டாவதுதான் வேண்டும். ஓல்டன்பேர்க் கேட்ட நாலு கேள்வி இன்னும் பழசாகவில்லை.

எங்கட பக்கம்

இப்போது அந்தத் தமிழ்க் கட்டுரைக்கு வருவோம்.

பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரயுகக் கவிதை பற்றி எழுதிய ஆங்கில நூல் 1968 இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. அதை யார் யார் குறிப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் தேடிப் பிடிக்கலாம். அவரும் அவர் காலத்தவர்களும் தமிழ்ச் சஞ்சிகைகளில் எழுதிய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் எண்ணில்லை, தொடுப்பில்லை. அவை ஒன்றோடொன்று சண்டை பிடித்த, பதில் சொன்ன கட்டுரைகள். அந்த உரையாடல் முழுவதும் உலக அட்டவணைகளுக்கு வெளியே நிற்கிறது. நாளைக்கு இயந்திரம் வாசித்துச் சொல்வதுதான் அறிவு என்று ஆகும்போது, அது வாசிக்காதது இல்லாததாகிவிடும்.

இழப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாகின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தொண்டர்களின் கையால் வளர்ந்தவை. பக்கங்களை அழியாமல் காப்பாற்றியது பெரிய காரியம். எங்கள் அக்கா சொன்ன கட்டுரை கிடைத்ததே அதனால்தான். அடுத்த வேலை, அந்தப் படங்களை எழுத்தாக்குவதும் தொடுப்பதும்.

ஸ்கான் செய்த பழசு மட்டும் பிரச்சினை இல்லை. யுனிகோடில் தமிழ் 1991 இலேயே, அதன் முதல் பதிப்பிலேயே, இருக்கிறது. ஆனால் நாங்கள் வெகுகாலம் பாமினியில் அடித்தோம், இன்னும் அடிக்கிறோம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துருவைக் கழற்றினால் அம்மா இல்லை. இப்படி அடித்து பிடிஎப் ஆக்கிய ஓர் ஆய்வேட்டை இணையத்தில் போட்டாலும் தேடற் பொறிக்கு அது குப்பைதான். எரிக்காமலே தொலைந்துபோகும் எழுத்து.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஒப்படையையும் ஆய்வேட்டையும் யுனிகோடில் அடிக்கலாம். தமிழ்க் கட்டுரை ஒன்றை எடுத்தாண்டால் ஆசிரியர், சஞ்சிகை, இதழ், வருடம், பக்கம் எல்லாவற்றையும் முழுசாகக் குறிக்கலாம். விக்கித்தரவில் எங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவருக்கு மூன்று வசனம் சேர்க்கலாம். மாணவர் சஞ்சிகை நடத்துபவர்கள் இதழின் கட்டுரைகளுக்கு நிரந்தர முகவரி வாங்க முயலலாம்.

நாங்கள் ஒன்று தொடங்கியிருக்கிறோம். அந்த இரண்டு இரவில் புரட்டிய சஞ்சிகையின் பொருளடக்கத்தை, இதழ் வாரியாக, யுனிகோடில் தட்டிக்கொண்டு வருகிறோம். ஐந்து பேர், ஒரு பழைய லப்டொப், வெள்ளிக்கிழமை பின்னேரங்கள். இதுவரை ஏழு இதழ் முடிந்திருக்கிறது. அடுத்த வருடம் இதே தலைப்பில் ஒப்படை செய்ய வரும் தம்பி தங்கச்சிக்கு அந்தக் கட்டுரையைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு தேவைப்படாது.